செருப்புக் கழன்றது தெரியாத கால்

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். பட்டறையிலிருந்து டீக்கடைக்கு நடந்து போயிருக்கிறாய். கடைக்காரர், "என்னப்பா, ஒத்தச் செருப்போட வர்ற?" என்று கேட்ட பிறகுதான் இடது காலில் செருப்பு இல்லாததைப் பார்த்திருக்கிறாய். திரும்பிப் போனால் அது நடுரோட்டில் கிடந்ததாம். "லாரிக்காரன் ஒருத்தன் அது மேலயே ஏத்திட்டுப் போயிட்டாம்ப்பா" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. டவர் போய்விட்டது என்று நினைத்து "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாய். டவர் இருந்தது.

அதற்குப் பிறகு உன் அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். முதுகுவலிக்கு நாமக்கல்லில் ஏதோ ஒரு மருந்துக்கடையில் ஊசி போட்டுக்கொண்டதை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாய். ஊசி ஏறும்போது பாதம் வரைக்கும் ஷாக் அடித்த மாதிரி இருந்தது என்றும் சொல்லியிருக்கிறாய். "அவருகிட்டச் சொல்லாதம்மா, பயந்துக்குவாரு" என்று வேறு. அவள் என்னிடம் சொல்லவில்லை, நேராகப் போய் பூசாரியிடம் சொல்லிவிட்டாள். பூசாரி உனக்குப் பெரியப்பா முறை, உன்மேல் பாசம் உள்ளவர். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை. இந்த வெள்ளிக்கிழமை கோயில் நோம்பிக்கு நீ மலையேறி வந்து, கோயில் காட்டில் மூன்று நாள் தங்கி, சாமிக்குக் கெடா வெட்டினால் கால் சரியாகிவிடுமாம். கல்யாணத்துக்கு முன்னாடி முடித்துவிட வேண்டுமாம், பெண் வீட்டுக்குத் தெரியக் கூடாதாம். நீயும் சரி என்று சொல்லிவிட்டாய் என்கிறாள்.

வராதே. நான் முதலில் எழுத நினைத்தது இந்த ஒரு சொல்தான். போனில் சொன்னால் நீ சிரித்தே என்னை அடக்கிவிடுவாய், பக்கத்தில் உன் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொண்டு முழுசாகப் படி.

என் கால் எப்படிப் போனது என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம், உனக்குப் பதில் தெரியும் என்று நீ நினைத்ததுதான். சாமி குத்தம் என்று இந்த ஊரே சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நீ. அப்போது நீ சின்னப் பையன், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாய். மிளகு பறிக்கும் காலம். ஒற்றை மூங்கிலில் கணு கணுவாகக் கால் வைத்து ஏறுவோமே, அந்த ஏணி சரிந்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. விழவில்லை, மரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தேன். ஆனால் அன்றைக்கு ராத்திரியே நிமிர முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து நோம்பி சாட்டியிருந்தார்கள். நம் பங்காளி வகையில் வீட்டுக்கு ஒரு ஆண் காப்புக் கட்ட வேண்டும். உனக்குத் தெரியாததில்லை. பூசாரி மஞ்சள் துணியை வேட்டிக்கு மேலே இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடுவார். நோம்பி முடிந்து அவரே அவிழ்க்கும்வரை அந்த முடிச்சில் கை வைக்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. குளித்தாலும் அதோடுதான், படுத்தாலும் அதோடுதான்.

சந்தை எல்லைக்குள்ளேயே கூடும். கீழே முள்ளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் சந்தைக்கு மருந்துப் பையோடு வருவார். டாக்டர் இல்லை, முன்னாடி எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் என்று பேச்சு. மாத்திரை கொடுத்தால் நம் ஆட்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள், ஊசி போட்டால்தான் வைத்தியம். போட்ட இடம் எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு மருந்து வேலை செய்கிறது என்று ஒரு கணக்கு. நானும் அந்தக் கணக்கில் தேறினவன்தான். குச்சிக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பனியன் துணிக்கடை, அதற்குப் பின்னால் ஒரு தார்ப்பாய் மறைவு. அவர் சொன்னார், "படுங்க. வேட்டியக் கொஞ்சம் தளத்துங்க."

"காப்புக் கட்டியிருக்குதுங்க. முடிச்ச அவுக்கப்புடாது."

"அப்பறம் எப்பிடீங்க போடறது?"

"கீள இருந்து தூக்கிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியைப் பின்பக்கம் கீழிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். படுக்கவில்லை, அந்தப் பக்கம் பெண்கள் நடமாட்டம். கூச்சத்தில் எவ்வளவு குறைவாகத் தூக்க முடியுமோ அவ்வளவுதான் தூக்கினேன். கண்ணு, பிட்டத்தில் மேல்பக்கமாக, வெளிப்பக்கமாகப் போட வேண்டிய ஊசி. நான் காட்டியது கீழ்ப்பக்கம், நடுவில். அவர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் குத்தினார்.

மருந்து உள்ளே போனபோது ஒரு மின்னல் இறங்கியது. பிட்டத்தில் ஆரம்பித்துத் தொடைக்குப் பின்னால் ஓடிக் கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டு கட்டைவிரலில் போய் நின்றது. நான் கத்தினேன். "மருந்து நல்லாப் புடிச்சிருக்குதுங்க" என்றார் அவர். நானும் நம்பி, தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். அடுத்த நாள் காலையில் எழுந்து நின்றபோது இடது பாதம் மேலே வரவில்லை. தூக்கு என்று சொல்கிறேன், அது தொங்குகிறது. நான் சொல்வது அதற்குக் கேட்கவே இல்லை. இடுப்புவலி மட்டும் சுத்தமாக இல்லை.

ஊசி போட்ட இடத்தில் கருநீல நிறத்தில் வேர் ஓடின மாதிரி ஒரு தடம் பரவியிருந்தது. உன் அம்மாதான் பார்த்தாள். பார்த்ததும் போய் பூசாரியைக் கூட்டிவந்தாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "காப்புக் கட்டுன ஒடம்புல இரும்ப ஏத்துனியா தம்பி?" ஏற்றினேன் என்றேன். "அப்பக் கால அது எடுத்துக்கிச்சு. திருப்பிக் குடுக்கறது அது இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பினதைச் சொன்னார். நானும் நம்பினேன். அது ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. கால் என் உடம்பில் இருந்தும் என்னிடம் இல்லாத அந்த நிலையை நீ இப்போது கொஞ்சம் அறிந்திருப்பாய்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் சொன்னதற்குச் சாட்சி சொல்வது மாதிரியே நடந்தது. முதலில் செருப்பு. தோட்டத்துக்குப் போய்விட்டு வீட்டு வாசலில் நின்று பார்த்தால் இடது செருப்பு இருக்காது. எங்கே கழன்றது என்று தெரியாது. தேடிப் போனால் ஒவ்வொரு தடவையும் கோயில் காட்டுக்குத் திரும்பும் இடத்தில் கிடக்கும். அந்தக் காட்டுக்குள் யாரும் செருப்போடு போக மாட்டோம் இல்லையா. சரியாக அந்த எல்லையில், நான் கழற்றி வைத்த மாதிரி, காட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். ஊர் ஜனம் அதைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போவார்கள். யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். அந்த இடத்தில் தடம் கொஞ்சம் மேடேறுகிறது, தொங்குகிற பாதம் மேட்டில் இடறிச் செருப்பை விட்டுவிடுகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்கு என் கால் அந்தக் காட்டைப் பார்த்துப் போக ஆசைப்படுகிறது என்றுதான் நினைத்தேன்.

பிறகு சத்தம். பனி மூடின பகலில் மிளகுக் கொடிகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருப்பேன். நாலடி தள்ளி இருக்கும் மரம் தெரியாது. எனக்குப் பின்னால் யாரோ நடக்கிற சத்தம் வரும். தப். தப். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. நான் நின்றால் அதுவும் நிற்கும். திரும்பிப் பார்த்தால் வெள்ளையாகப் பனி மட்டும் இருக்கும். "யாருங்க அது?" என்று கேட்டிருக்கிறேன். பாதம் தூக்க முடியாமல் தரையில் அறைந்து விழுகிற என் சொந்தச் சத்தம்தான் அது. தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. காதுக்கு அது என் நடையாகக் கேட்கவே இல்லை. நம் நாய் என்னைப் பார்த்து வாலாட்டும். நான் நடக்க ஆரம்பித்ததும் என் பின்னால் பார்த்துக் குரைக்கும். நீ ஒருநாள் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பா கூட யாரும்மா வாராங்க?" என்று கேட்டாய். உன் அம்மா உன் வாயைப் பொத்தினாள். உனக்கு நினைவிருக்காது என்றே நினைக்கிறேன். இருந்தால் என்னை மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொல்கிறேன். மழைக்காலம், பகல்தான். அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். ஏதோ சுடுகிற வாசம் வந்தது. கறி சுடுகிற மாதிரி. "ஏம்புள்ள, கறி எடுத்தியா?" என்று கேட்டேன். "இல்லீங்களே, களிதான் கிண்டறேன்" என்றாள். அவளும் மோந்து பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி அலறினாள். என் சுண்டுவிரலின்மேல் ஒரு தணல் துண்டு உட்கார்ந்திருந்தது. புகை வந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன், எனக்கு வலிக்கவில்லை. யாரோ ஒருத்தர் விரல் எரிவதைப் பார்க்கிற மாதிரி ஒரு நொடி பார்த்துக்கொண்டே இருந்தேன். சாமி கேட்ட விலை இதுதான் போல என்று அன்றைக்கு நினைத்தேன். கெடா வெட்டினோம். காட்டில் தங்கினேன். காணிக்கை போட்டேன். அந்தக் காலமெல்லாம் அந்த நரம்பு உள்ளே கருகிக்கொண்டிருந்தது.

அந்தப் புண் ஆறாமல் போனதால்தான் கடைசியில் சேலத்துக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற இடத்தில் டாக்டர் என் நடையைப் பார்த்துவிட்டு வேறு ஒரு அறைக்கு அனுப்பினார். அங்கே காலுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண், வெடுக் வெடுக்கென்று பேசுகிறவள், என் பாதத்தைத் தூக்கிப் பார்த்து, ஊசியால் அங்கங்கே தொட்டுப் பார்த்தாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்னாடி அவளே கேட்டாள்.

"வலி ஊசி எடுத்தீங்களா? இடுப்புலயா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூசாரிக்குத் தெரிந்த ரகசியம் இவளுக்கு எப்படித் தெரியும்?

"நின்னுக்கிட்டேவா? எந்த எடத்துல, தொட்டுக் காட்டுங்க."

காட்டினேன். அவள் பெருமூச்சு விட்டாள். காலுக்குப் போகிற பெரிய நரம்பு அந்த வழியாகத்தான் இறங்குகிறது, கட்டைவிரல் பருமன் இருக்கும், வீக்கத்துக்கும் வலிக்கும் போடுகிற அந்த மருந்து நரம்பின்மேலோ அதற்குள்ளேயோ இறங்கினால் அதைச் சுட்டுவிடும் என்றாள். அந்தக் கருநீலத் தடமும் மருந்து தோலைக் கெடுத்ததால்தானாம். "எப்பங்க ஆச்சு?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. "அப்பவே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அந்தப் பாதி வாக்கியத்தை நான் இத்தனை வருஷமாகச் சுமக்கிறேன். நீ அதைச் சுமக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உடனே போனால் எல்லாருக்கும் சரியாகிவிடும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். நிறையப் பேருக்கு நரம்பு மெல்ல மெல்ல உயிர் பிடிக்குமாம். அதுவரை பாதம் தொங்கிப்போகாமல் பட்டை கட்ட வேண்டும், தினமும் பயிற்சி வேண்டும், சில வாரம் கழித்துக் கரண்ட் வைத்து நரம்பைச் சோதிப்பார்கள், பிடிக்கவில்லை என்றால் சிலருக்கு ஆபரேஷன்கூடச் செய்வார்களாம். அதற்கெல்லாம் காலம் இருக்கிறது, அந்தக் காலம் கடந்தால் கடந்ததுதான். எனக்கு மிச்சம் இந்தக் கயிறுதான். செருப்பின் வாரில் ஓட்டை போட்டுக் கணுக்காலோடு கட்டுகிறேன். மிளகு பறிக்க உன் அம்மா ஏறுகிறாள், நான் கீழே நின்று மூங்கிலைப் பிடிக்கிறேன். ஒரு மனுஷனுக்கு அது எப்படி இருக்கும் என்று நீ அறியவே வேண்டாம்.

ஊசியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. உன்னை நாய் கடித்தபோது ஊசிதான் காப்பாற்றியது. ஆனால் வலிக்கு மாத்திரை போதுமென்றால் மாத்திரையைப் போடு. ஊசிதான் வேண்டுமென்று டாக்டர் சொன்னால், படித்தவர்கள் கையில், படுத்துக்கொண்டு, அவர்கள் கேட்கிற இடத்தைக் கூச்சமில்லாமல் காட்டிப் போட்டுக்கொள். குத்தும்போது மின்னல் அடித்தால் நிறுத்து என்று கத்து. அப்புறம், உனக்கு நிச்சயித்திருக்கிற பெண்ணிடம் சொல்லிவிடு. மூன்று முடிச்சுப் போடப் போகிறவளிடம் கால் விஷயத்தை மறைத்தால், நாளைக்கு அவள் உன் பின்னால் வருகிற சத்தத்தைக் கேட்டுப் பயப்படுவாள். உன் அம்மா பயந்தாள். என்னிடம் சொல்லாமலே பல வருஷம் பயந்தாள்.

நேற்று இதுவரை எழுதி மடித்து வைத்தேன். காலையில் படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். இப்போது இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியதாகிவிட்டது.

காலையில் டவர் கிடைக்கும் பாறைக்கு ஏறிப்போய் உனக்குப் போன் போட்டேன். பனி இன்னும் விலகவில்லை. பாறை விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் தொங்கவிட்டிருந்தேன். "காலு எப்பிடி சாமி இருக்குது?" என்று கேட்டேன். "சரியாயிடுச்சுப்பா. சும்மா மரத்துப்போயிருந்துச்சு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வாரேன்" என்றாய். பட்டறையில் வெல்டிங் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று நீ வெளியே நடந்தாய். வெல்டிங் சத்தம் தூரமாகப் போனது. அப்போது கேட்டது.

தப். தப்.

நான் முதலில் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பழக்கம். பனிதான் இருந்தது. குனிந்து என் காலைப் பார்த்தேன். இரண்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றும் தரையில் படவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது, என் காதுக்குள், சிமெண்டுத் தரையில், என் நடை. நீ என்னமோ கல்யாணப் பத்திரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒரு வார்த்தையும் ஏறவில்லை. போனை வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இந்த வருஷமும் வீட்டுக்கு ஒரு ஆண் காப்புக் கட்ட வேண்டியிருந்தது, நீ ஊரில் இல்லாததால் நான்தான் கட்டியிருக்கிறேன். நோம்பி முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. பாறையிலிருந்து இறங்கி வந்ததும் நடுவீட்டில் நின்று முடிச்சில் கை வைத்தேன். அன்றைக்குச் சந்தையில் தார்ப்பாய் மறைவில் அவிழ்த்திருக்க வேண்டிய முடிச்சு. இன்றைக்கு அவிழ்த்தேன். மஞ்சள் துணியை மடித்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சாமிக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும், என்னிடம் இன்னொரு கால் இருக்கிறது.

திரும்பினால் உன் அம்மா நிற்கிறாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அழுவாள், பூசாரியைக் கூப்பிட ஓடுவாள் என்று நினைத்தேன். "அவனுக்கும் அதே சத்தமுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் கீழே உட்கார்ந்து என் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, செருப்புக் கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினாள். நோம்பி நாளில் அந்தக் காலை அவள் தொட்டதே இல்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் ஏறும் இடத்தில் உட்கார்ந்துதான் இதை முடிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் போனோடு பக்கத்தில் நிற்கிறாள், படம் எடுத்ததும் பாறைக்கு ஏறி அனுப்பிவிடுவாள். மத்தியானத்துக்குள் நாமக்கல் வந்துவிடுவேன், நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பட்டறையில் லீவு சொல்லிவிட்டு உன் ரூமிலேயே இரு. மாடிப்படி இறங்காதே, செருப்பைத் தேடாதே, நடக்காமல் உட்கார்ந்திரு. நான் வரும் சத்தம் உனக்குக் கேட்கும்.

அப்பா